விகடகவி கேட்ட கேள்வி: திறந்த மூலத் திட்டங்களில் மேல்நிலை மாணவர்கள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் சரங்கள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லை உள்ளீடாகப் பெற்று, அதைத் திருப்பி எழுதி, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று சோதிக்கும் நிரலை மாணவர்கள் ஆய்வகத்தில் இயக்கிப் பார்த்தார்கள். 'மேடம்', 'லெவல்' போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு நிரல் சரியாக விடை தந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி 'விகடகவி' என்று தமிழில் தட்டச்சு செய்தாள். முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் சொல் என்று நாம் சின்ன வயதிலேயே கற்ற சொல் அது. நிரல் 'இல்லை' என்றது.

"மிஸ், கம்ப்யூட்டர் தப்பா சொல்லுது" என்றாள்.

"தேர்வுல இங்கிலீஷ் வார்த்தைதாம்மா வரும். அதைப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்கு நகர்ந்துவிட்டேன். உண்மையில், அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது தெளிவான விடை இல்லை. பாடவேளை முடிந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மாணவி தன் மொழியைக் கணினிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் தேர்வைக் காட்டி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாள் அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன். அங்கே தொடங்கிய வேலை, என் மாணவர்களைத் திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் பங்கெடுக்கச் செய்வதில் போய் முடிந்தது. அதில் நான் செய்த தவறுகளையும் சரியாக அமைந்தவற்றையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

விகடகவி ஏன் தோற்றது?

'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மூன்று என்று சொல்லும். பைத்தானில் நீளத்தைத் தரும் 'லென்' செயற்கூறு 5 என்று சொல்லும். காரணம், ஒருங்குறி முறையில் 'மி' என்பது 'ம' என்ற குறியும் இகரக் குறியும் சேர்ந்தது. 'ழ்' என்பது 'ழ' என்ற குறியும் புள்ளியும் சேர்ந்தது. நாம் எழுத்துகளை எண்ணுகிறோம். பைத்தான் குறிகளை எண்ணுகிறது.

அப்படிப் பார்த்தால் 'விகடகவி'யில் நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 7 குறி. அதை [::-1] என்று திருப்பினால் இகரக் குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். அதன் பின்னே 'வகடகிவ' என்று வரும். இதைத் திரையில் கண்டதும் வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "அப்போ இதை எப்படி மிஸ் சரி பண்றது?" என்ற கேள்வி வந்தது.

மடக்கு, பட்டியல், நிபந்தனைக் கூற்று ஆகிய மூன்றும் தெரிந்தாலே போதும். சரத்தில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அது உயிர்மெய்க் குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் புதிய எழுத்தாக வைக்க வேண்டும். பிறகு அந்தப் பட்டியலைத் திருப்பினால் போதும். 2 பாடவேளையில் ஏழெட்டு பேர் இதை எழுதிவிட்டார்கள். 'விகடகவி' வென்றது. 'தேருவருதே', 'மோருபோருமோ' ஆகியவையும் வென்றன.

இதே வேலையைச் செய்ய 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நிரல் தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது என்றும், அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்றும் சொன்னேன். விகடகவியைத் தட்டச்சு செய்த அதே மாணவி கேட்டாள்: "படிக்கலாம்னா சரி மிஸ். நாம எழுதினதையும் சேர்த்துக்குவாங்களா?"

சேர்த்துக்கொள்வார்கள் என்று உடனே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

முதல் முயற்சியில் நான் செய்த தவறு

அப்போது ஒரு மென்பொருளின் பட்டிகளையும் செய்திகளையும் தமிழாக்கும் திட்டத்தில் என் வகுப்பைச் சேர்த்தேன். ஆளுக்கு 30 வரிகள், ஒரு வாரம், முடித்தவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் என்று அறிவித்தேன். நான்கே நாளில் எல்லாரும் முடித்துவிட்டார்கள். நானும் பெருமையாக அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, திட்டத்தைப் பராமரிக்கும் தன்னார்வலரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஆனால் அனுப்பியது அத்தனையும் நீக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான வரிகள் இயந்திர மொழிபெயர்ப்பு. கோப்பைச் சேமிக்கச் சொல்லும் கட்டளை 'காப்பாற்று' என்று ஆகியிருந்தது. வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல் 'உரிமை' என்று ஆகியிருந்தது. எண் வந்து அமர வேண்டிய '%1' போன்ற இடக்குறிகள் பல வரிகளில் காணாமல் போயிருந்தன. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி நீக்க அவருக்கு ஒரு விடுமுறை நாள் முழுவதும் தேவைப்பட்டதாம்.

மாணவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. எண்ணிக்கையைக் கேட்டது நான். அவர்கள் எண்ணிக்கையைக் கொடுத்தார்கள். அந்த வரிகள் எந்தத் திரையில், யார் கண்ணுக்குத் தெரியப்போகின்றன என்று நான் ஒருமுறைகூடக் காட்டவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பின்னர் அறிந்தேன். ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாற்றங்களை அனுப்பியவர்களுக்கு அப்போது டி-ஷர்ட் பரிசு வழங்கப்பட்டது. 2020இல் பரிசுக்காகவே பயனற்ற மாற்றங்கள் குவிந்து, பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்று அந்த ஆண்டிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாம் முயற்சி: பயனராகத் தொடங்குவது

இம்முறை ஒரு விதி வைத்துக்கொண்டோம். நாமே பயன்படுத்தாத மென்பொருளுக்கு எதையும் அனுப்பக் கூடாது. எங்கள் பள்ளியின் கீழ்வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்தும், படம் வரைவதற்கான ஒரு கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குத் தமிழ் இடைமுகம் உண்டு. என் மாணவர்கள் முதல் இரண்டு வாரம் எதையும் எழுதவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அருகில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

விகடகவி மாணவி மதிப்பெண்ணில் முதல் பத்துக்குள் வருபவள் அல்ல. ஆனால் அவள் குறிப்பேடுதான் மிகத் தெளிவாக இருந்தது. ஒரு பொத்தானில் 'செயல்தவிர்' என்று இருந்தது. 9 பிள்ளைகளிடம் அது என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறாள். 2 பேருக்கு மட்டுமே தெரிந்தது. மற்றவர்கள், தவறாக வரைந்த கோட்டை நீக்க முழுப் படத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தார்கள். இன்னொரு பொத்தானில் 'அழிப்பான்' என்று இருந்தது. பிள்ளைகள் அதை 'ரப்பர்' என்றுதான் சொன்னார்கள். மூன்றாவதாக, பல எழுத்துக் கொண்ட ஒரு சொல் பொத்தானுக்குள் அடங்காமல் பாதி மறைந்திருந்தது.

இம்மூன்றையும் முறையான குறைத்தெரிவிப்பாக எழுதப் பழக்கினேன். என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எந்த இயக்க அமைப்பு என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அறிவியல் ஆய்வகப் பதிவேட்டில் நோக்கம், செய்முறை, முடிவு எழுதுவது போன்றதுதான் இது. அவள் தமிழில் எழுதியதை வகுப்பே சேர்ந்து எளிய ஆங்கிலத்தில் ஆக்கியது. ஆங்கில ஆசிரியை ஒரு பாடவேளை ஒதுக்கி உதவினார்.

பத்து நாளில் பதில் வந்தது. 'செயல்தவிர்' என்பதற்கு அவள் முன்வைத்த 'முந்தைய நிலை' ஏற்கப்பட்டது. 'ரப்பர்' ஏற்கப்படவில்லை. 'அழிப்பான்' பரவலாகப் புழங்கும் சொல் என்றும், இந்த இடைமுகம் இலங்கை, மலேசியப் பிள்ளைகளுக்கும் போகிறது என்றும் ஒரு தன்னார்வலர் விளக்கியிருந்தார். பொத்தானின் அகலம் பற்றிய குறை 'பின்னர் பார்க்கப்படும்' பட்டியலுக்குப் போனது.

மூன்றில் ஒன்றுதான் தேறியது என்று அவள் வருந்துவாளோ என நினைத்தேன். "அவங்க சொல்றதும் நியாயம்தான் மிஸ். எங்க ஊர்ல ரப்பர்னா எல்லா ஊர்லயும் ரப்பரா என்ன?" என்றாள். அடுத்த பதிப்பு வந்ததும், ஆறாம் வகுப்புக்குப் போய் அந்தப் பொத்தானைக் காட்டி, "இது நான் சொல்லி மாத்தினது" என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் கொடுத்திருக்கக்கூடிய எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

வகுப்பறையில் சொல்ல வேண்டிய அடிப்படைகள்

பங்கேற்பதற்கு முன் மாணவர்களுக்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, 'கட்டற்ற' என்பதன் பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். அவ்வியக்கம் நான்கு உரிமைகளைச் சொல்கிறது: எந்த நோக்கத்திற்கும் இயக்குவது, படித்து மாற்றுவது, படியெடுத்துப் பகிர்வது, மாற்றியதையும் பகிர்வது. இவற்றை 0, 1, 2, 3 என்று எண்ணுவது வழக்கம். பைத்தான் பட்டியலின் சுட்டெண்ணும் 0இல்தானே தொடங்குகிறது என்று சொன்னால் மாணவர்களுக்கு மறக்காது. இலவசமாகக் கிடைக்கும் எல்லா மென்பொருளும் கட்டற்றது அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, உரிமம். இந்தியாவில் கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் பாதுகாப்பு உண்டு. ஆகவே இணையத்தில் கண்ணில் பட்டது என்பதாலேயே ஒரு நிரலை எடுத்துக்கொள்ள முடியாது. அதன் ஆசிரியர் உரிமம் வழங்கியிருக்க வேண்டும். ஜிபிஎல் உரிமத்தின்கீழ் உள்ள நிரலை மாற்றி வெளியிடுபவர் அதே உரிமத்தில் மூல நிரலோடு வெளியிட வேண்டும். எம்ஐடி உரிமம் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும் என்கிறது. இந்த வேறுபாட்டை ஒரு பாடவேளையில் விவாதிக்கலாம்.

மூன்றாவது, இவற்றை உருவாக்கியவர்களில் மாணவர்களும் உண்டு என்பது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் பற்றி முதன்முதலில் அறிவித்தபோது ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படிக்கும் 21 வயது மாணவர். நாம் பாடமாக நடத்தும் பைத்தானும் அதே 1991இல் வெளியானதுதான்; அதுவும் திறந்த மூல மென்பொருள்தான்.

ஐந்து வகை வேலை

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இதில் இடம் என்ற எண்ணம் மாணவர்களிடம் வலுவாக இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2010 முதல் 2019 வரை, 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்காக 'கோட்-இன்' என்ற போட்டியை நடத்தியது. அதில் திறந்த மூலத் திட்டங்களின் வேலைகளைச் சிறு சிறு பணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டியை அமர்த்தினார்கள். போட்டி இப்போது இல்லை. ஆனால் அதன் வகைப்பாட்டை நம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் ஐந்து குழுக்கள் உண்டு.

சோதனைக் குழு, மென்பொருளை இயக்கிக் குறைகளைக் கண்டறியும். ஆவணக் குழு, பயன்பாட்டுக் குறிப்புகளைத் தமிழில் எழுதும். மொழிக் குழு, இடைமுகச் சொற்களைச் சரிபார்க்கும். வடிவக் குழு, படக்குறிகளையும் திரை அமைப்பையும் கவனிக்கும். நிரல் குழு, மூல நிரலைப் படித்துச் சோதனை நிரல்களை எழுதும். ஒரு பருவம் முடிந்ததும் குழுக்கள் மாறும்.

நிரல் குழுவுக்குத் தமிழே நல்ல தீனி தருகிறது. 'மரம்', 'மனம்' என்ற இரு சொற்களைப் பைத்தானில் வரிசைப்படுத்தினால் 'மனம்' முதலில் வரும். ஒருங்குறியில் னகரத்தின் இடம் நகரத்தை அடுத்து இருப்பதே காரணம். நம் அகராதியிலோ னகரம் கடைசி மெய்; 'மரம்' முதலில் வர வேண்டும். 'கொ' என்ற எழுத்தை ஒரே துணைக்குறியாகவும் உள்ளிடலாம். கொம்பு, கால் என்ற இரு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பைத்தான் இரண்டையும் வேறு வேறு என்றே சொல்லும். இத்தகைய சோதனைச் சொற்களைத் தொகுத்துத் தருவதே திட்டங்களுக்குப் பெரிய உதவி. புதிய நிரல் எழுதாமலேயே செய்யக்கூடிய பணி இது.

மொழிக் குழுவுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி, '%1' என்பது நடப்புப் பக்கத்தையும் '%2' என்பது மொத்தப் பக்கத்தையும் குறிக்கும் ஆங்கில வரி. '10 பக்கங்களில் 3ஆவது' என்று தமிழில் சொல்லும்போது மொத்தம் முன்னே வந்துவிடுகிறது. ஆகவே '%2' முதலிலும் '%1' பின்னாலும் வர வேண்டும். இடக்குறிகளுக்கு எண் ஏன் கொடுத்திருக்கிறார்கள் என்பது இந்த ஒரு வரியில் புரிந்துவிடும். முன்பு தொலைந்துபோன இடக்குறிகள் அதன்பின் தொலையவே இல்லை.

நடைமுறை

எங்கள் ஆய்வகத்தில் இணையம் எல்லா நேரமும் சீராக இருப்பதில்லை. அதனால் வேலை நின்றுவிடவில்லை. மொழிபெயர்ப்புக் கோப்புகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், சாதாரண உரைத் திருத்தியிலேயே திருத்தலாம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளும் இணையம் இல்லாமல் இயங்கும். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார்கள் என்பதை அது பதிந்துவைக்கும். அனுப்பும் நாளில் மட்டும் இணையம் போதும்.

நான் பின்பற்றும் கால அட்டவணை இது. முதல் பாடவேளையில் நான்கு உரிமைகளும் உரிமங்களும். இரண்டாவதில் ஒரு மென்பொருளைத் தேர்ந்து பயன்படுத்துதல். மூன்றாவதில் பழைய குறைத்தெரிவிப்புகளை வாசித்து, நல்லதையும் குறைபாடுள்ளதையும் பிரித்தறிதல். நான்காவதில் தம் கண்டுபிடிப்பை எழுதுதல். ஐந்தாவதில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துதல். ஆறாவதில் அனுப்புதல். பதில் வந்தால் அதை வாசிக்க 10 நிமிடம். செய்முறைத் தேர்வுக்கான பயிற்சிகள் பாதிக்காதபடி, வாரத்திற்கு ஒரு பாடவேளைக்கு மேல் இதற்கு எடுப்பதில்லை. காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் இடைப்பட்ட காலம் இதற்கு ஏற்றது.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. கிட்ஹப் போன்ற தளங்களில் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தைகளாகவே கருதி, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. எனவே பெற்றோரை அழைத்து விளக்கி, எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெறுகிறேன். ஒப்புதல் இல்லாத மாணவரின் வேலையை, மாணவர் செய்தது என்று குறிப்பிட்டு என் கணக்கின் வழியே அனுப்புகிறேன். முழுப்பெயர், பள்ளி முகவரி, கைப்பேசி எண், ஒளிப்படம் எதையும் வெளியிடுவதில்லை.

மதிப்பீட்டிலும் கவனம் தேவை. ஏற்கப்பட்ட மாற்றங்களின் எண்ணிக்கையை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. கேள்வி தெளிவாக இருந்ததா, பழைய தெரிவிப்புகளைத் தேடிப் பார்த்தாரா, மறுப்பு வந்தபோது எப்படிப் பதில் எழுதினார் என்று மட்டும் பார்க்கிறேன். இயந்திர மொழிபெயர்ப்பைத் தடை செய்யவும் இல்லை. பயன்படுத்தினால், அதில் எந்தச் சொல்லை ஏன் மாற்றினாய் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த வரி போகாது.

நண்பர்களே, உங்கள் ஆய்வகத்திலும் ஒரு விகடகவி வரக்கூடும். என்னைப் போல் முதல் நாள் நழுவவிட்டுவிடாதீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், அடுத்த பாடவேளையில் மாணவர்களைத் தம் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து அதன் நீளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பெயரில் எத்தனை எழுத்து என்று அவர்களுக்குத் தெரியும். கணினி வேறு எண்ணைச் சொல்லும்போது அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பொத்தானின் அகலம் பற்றி அவள் எழுதிய குறை இன்னும் 'பின்னர் பார்க்கப்படும்' பட்டியலில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு நிரல் குழுவில் உள்ள இருவர் அதை எடுத்திருக்கிறார்கள்.